எட்டுச் செலவில் வைத்த விளையாட்டுப் பெட்டி

என் மனுசனின் அக்கா சரசு மச்சாள் அதை இரண்டு விரலால் தூக்கினா. செத்த எலியை வாலில் பிடித்துத் தூக்குகிற மாதிரி.

"தவமணி, என்ன உது?"

என் மனுசன் போய் எட்டாம் நாள் அது. எங்கள் பக்கத்தில் எட்டுச் செலவு என்றால், போனவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்தும் வாங்கியும் அவருடைய படத்துக்கு முன்னால் வாழையிலையில் வைக்க வேண்டும். வைத்திருந்தார்கள். நண்டுக் குழம்பு, மீன் பொரியல், முருங்கைக்காய், உழுந்து வடை. இலையின் ஓரத்தில் ஒரு சுருட்டுக் கட்டும் ஒரு போத்தல் சாராயமும். சாராயப் போத்தலுக்கும் வடைக்கும் நடுவில் நான் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியை வைத்தேன். கையளவுதான். கட்டை அடுக்குகிற விளையாட்டுப் பெட்டி. பிள்ளைகள் 'பிறிக் கேம்' என்பார்கள்.

"அவருக்கு விருப்பமான சாமான், மச்சாள்."

"விளையாட்டுச் சாமானை ஆரும் படையலிலை வைப்பினமோ? சபையிலை ஆக்கள் நிக்கினம். நீர் உள்ளுக்குப் போய்ப் பெண்டுகளோடை இரும்."

பெட்டியை ஒரு பழந்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டா. சாராயப் போத்தல் இருந்த இடத்திலேயே இருந்தது. என் மனுசன் குடியை விட்டு எத்தனையோ வருசம். அந்தப் போத்தலை வாங்கிவந்து வைத்தவர் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர். பின்னேரம் அதைக் குடித்து முடித்தவரும் அவர்தான். அதை ஒருவரும் கூத்து என்று சொல்லவில்லை.

அந்த நேரம் எனக்கு வாய் வரவில்லை. இப்போது வருகிறது. அதனால் இந்தக் கிழமை இதையே எழுதுகிறேன்.

மிஞ்சிய ஒரு சொல்

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு என் மனுசனைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். பெயர் குணரத்தினம். பஸ் சாரதி. மானிப்பாய் ரோட்டால் வட்டுக்கோட்டைப் பக்கம் ஓடுகிற பஸ்ஸை அரைவாசி ஆயுள் ஓட்டியவர். நான் தபால் கந்தோரில் முத்திரை விற்றவள். எங்கள் வீட்டில் கதைக்கிறவர் அவர், கேட்கிறவள் நான். பஸ்ஸில் ஆர் ஆரோடு சண்டை பிடித்தது, எந்த ஆச்சி எந்த வாழைக்குலையை எங்கே மறந்து இறங்கினா, எல்லாம் எனக்கு இரவுச் சாப்பாட்டோடு வந்துவிடும்.

ஒரு பங்குனி மாதக் காலையில், கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சும் போனது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "றைற்."

கொண்டக்டர் பின்னாலிருந்து கத்துவாரே, பஸ்ஸை எடுக்கச் சொல்லி, அந்த "றைற்". காலம் முழுக்க அவர் காதில் விழுந்த சொல். பசி என்றாலும் றைற், நோவு என்றாலும் றைற், ஆரையாவது கண்டு சந்தோசம் என்றாலும் றைற். தொனியை வைத்து நான்தான் பிரித்தறிய வேண்டும். பழகப் பழக அது எனக்கு நூறு சொல்லாகிவிட்டது.

ஆசுப்பத்திரியில் கைகால் பயிற்சி கொடுக்கிற பிள்ளை ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அம்மா, அவருக்கு நாங்கள் கதைக்கிறது எல்லாம் விளங்குது. திருப்பிச் சொல்லத்தான் ஏலாது. மற்றவை ஆரும் வேறை மாதிரிச் சொன்னால் நம்பாதேங்கோ. அந்த இடக்கையையும் சும்மா விடாதேங்கோ. ஏதாவது செய்விச்சுக்கொண்டே இருங்கோ."

அந்தப் பிள்ளை சொன்னதைத்தான் அதற்குப் பிறகு நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஊர் கேட்டால்தானே.

றஹீம் நானாவின் கடை

மருதனார்மடம் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தபோதுதான் அதைக் கண்டேன். றஹீம் நானாவின் கடை அது. பழைய மின்விசிறி, பழைய அயன்பெட்டி, றேடியோ எல்லாம் திருத்தி விற்பார். யாழ்ப்பாண ரவுணில் பிறந்து, சின்ன வயதில், முஸ்லிம்கள் எல்லாரும் துரத்தப்பட்டபோது குடும்பத்தோடு வெளிக்கிட்டு, புத்தளத்தில் வளர்ந்து, பிறகு திரும்பி வந்தவர். கடை முகப்பில் சார்ஜர் வயர்களுக்கு நடுவே அந்தச் சாம்பல் பெட்டி தொங்கியது.

எங்கள் மகன் சுதன் சின்னவனாக இருந்தபோது இப்படி ஒன்று வீட்டில் இருந்தது. பிள்ளையிடம் பறித்து இவர் விளையாடுவார். "உங்களுக்கு வெக்கமில்லையோ?" என்று நான் கேட்பேன். அந்த நினைப்பு வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது.

"பேரப்பிள்ளைக்கோ அக்கா?" என்று நானா கேட்டார்.

"இல்லை. மனுசனுக்கு."

அவர் சிரிக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. பற்றரி போட்டு, ஒரு வரிசை மறையும்வரை விளையாடிப் பார்த்துவிட்டுத் தந்தார்.

"வலப்பக்கப் பட்டன் கொஞ்சம் இறுக்கம். நல்லா அமத்தோணும். சத்தம் குறைக்கேலாது, அது பழுது. வேறை குறை ஒண்டுமில்லை."

ஒரு பெட்டி, இரண்டு பேர்

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக: மேலேயிருந்து கட்டைகள் ஒவ்வொன்றாக விழும். சில நீட்டு, சில சதுரம், சில முழங்கை மடித்த மாதிரி. கீழே வந்து சேருவதற்குள் இடம் வலமாகத் தள்ளி, வேண்டிய பக்கம் திருப்பி, ஓட்டை விடாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறைந்துவிடும். ஓட்டை விட்டால் குவிந்து குவிந்து உச்சியைத் தொடும். அதோடு ஆட்டம் முடிந்தது.

தள்ளுகிற பட்டன்கள் இடப்பக்கம். திருப்புகிற பட்டன் வலப்பக்கம். அவருக்கு இடக்கை மட்டும்தான். ஆகவே தள்ளுவது அவர், திருப்புவது நான். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, மடியில் ஒரு தலையணை வைத்து, அதன்மேல் பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தோளோடு தோள் இருப்போம். கலியாணம் கட்டின காலத்தில்கூட நாங்கள் அப்படி ஒட்டி இருந்ததில்லை.

முதல் கிழமை ஒன்றும் சரிவரவில்லை. நான் என் பாட்டுக்குத் திருப்புவேன், அவர் தன் பாட்டுக்குத் தள்ளுவார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். திருப்ப வேண்டுமென்றால் "றைற்". இரண்டு தரம் திருப்ப வேண்டுமென்றால் "றைற், றைற்". வாய் மூடியிருந்தால் நான் பட்டனில் கை வைக்கக்கூடாது.

ஒருநாள் நான் அவசரப்பட்டு, கேட்காமலே திருப்பிவிட்டேன். நல்ல நீட்டுக் கட்டை. அதற்கென்றே ஓரமாக ஒரு பள்ளத்தை அவர் எவ்வளவு நேரமாகக் காத்து வைத்திருந்தார். அது குறுக்கே விழுந்து பள்ளத்தின் வாயை அடைத்துவிட்டது. அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"றைற்?"

நடுரோட்டில் மாட்டை அவிழ்த்து விட்டவனைக் கேட்கிற அதே தொனி!

நோய் வந்தபிறகு அவர் அழுது பார்த்திருக்கிறேன். முகட்டைப் பார்த்தபடி கிடந்து பார்த்திருக்கிறேன். என்னைக் கோபித்தது அன்றைக்குத்தான். நான் குசினிக்குள் போய் நின்று சிரித்தேன். சிரித்து முடிய அழுகை வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும், பிளேன்ரீ குடித்து முடிய, பெட்டி வரும். அடுத்து வரப்போகிற கட்டையைத் திரை மூலையில் காட்டும். அவர் கண் எப்போதும் அந்த மூலையில்தான். வருகிறதை முன்கூட்டியே பார்த்து, இடம் ஒதுக்கி, காத்திருந்து போடுவார். நெருக்கடியான சந்தியில் பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்த மனுசன். எனக்கு அந்தக் கணக்கு வராது. பிழை விட்டது எல்லாம் நான். சொல்லுங்கள், இது நினைவில்லாத ஆள் செய்கிற வேலையா?

பார்க்க வந்தவர்கள்

பார்க்க வருகிறவர்கள் அப்பிள் பழத்தோடு வந்து கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். நின்றுகொண்டு என்னிடம் கேட்பார்கள்.

"ஆள், ஆக்களை மட்டுக்கட்டுவாரோ? ஆர் எண்டு அடையாளம் தெரியுதோ?"

ஆள் அங்கேதான் கிடக்கிறார். கண்ணைத் திறந்துகொண்டு கேட்டவரைப் பார்த்துக்கொண்டுதான் கிடக்கிறார். "அவரைக் கேளுங்கோ" என்பேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். ஒருவர், படித்தவர், பெரிய உத்தியோகம் பார்த்தவர், கட்டில் சட்டத்தில் கையை ஊன்றிக்கொண்டு, "உது இன்னும் எவ்வளவு காலத்துக்கு இழுக்குமாம்?" என்று கேட்டார். மழை எப்போது விடும் என்று கேட்கிற மாதிரி. நான் அவர் கொண்டுவந்த பழத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறகு அவர் எங்கள் வாசல் படலை திறக்கவில்லை.

சரசு மச்சாள் அப்படியானவ இல்லை. அதுதான் எனக்குக் கூடுதலாக நொந்தது. என் மனுசனுக்கு மூத்த அக்கா. தாய் வேளைக்கே செத்துப்போக, தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவ. பள்ளிக்கூட ரீச்சராக இருந்து ஓய்வெடுத்தவ. கிழமைக்கு ஒருக்கால் கட்டாயம் வருவா. நாள் முழுக்கத் தேவாரம் பாடுகிற சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து தம்பியின் காதடியில் வைத்தா. முதல்நாள் அவர் கேட்டுக்கொண்டு கிடந்தார். அடுத்தநாளும் அது நிற்காமல் பாட, இடக்கையால் ஒரு தட்டு. பெட்டி நிலத்தில்.

"பாத்தீரோ? நினைவில்லை. கை தன்ரைபாட்டிலை போகுது," என்றா மச்சாள்.

"அவர் வேணுமெண்டுதான் தட்டினவர், மச்சாள்."

"விசர்க் கதை கதையாதையும்."

நாங்கள் விளையாடுவதைக் கண்டபோது முகம் கறுத்துவிட்டது. "அவன்ரை விரலைப் பிடிச்சு நீர் அமத்திப்போட்டு, அவன் விளையாடுறான் எண்டுறீர். என்ரை தம்பியைப் பச்சைப் பிள்ளையாக்கிப்போட்டீர்." கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து பாருங்கோ என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். இருக்கவே மாட்டா. தேவாரப் பெட்டியைத் திரும்ப முடுக்கி வைத்துவிட்டு வெளிக்கிட்டுவிடுவா.

பந்தலில்

எட்டுச் செலவுக்குத் திரும்ப வருகிறேன்.

சாப்பாடு முடிந்ததும் பெட்டியைத் தேடினேன். அலுமாரியில் இல்லை, லாச்சியில் இல்லை. கடைசியில் கிணற்றுக்குப் பின்னால் கிடந்த சாக்குக்குள் கண்டெடுத்தேன். அவருடைய தலையணை, உடுத்த பழைய சாரம், மெத்தை விரிப்பு, இவற்றோடு சேர்த்து எரிப்பதற்காகக் கட்டி வைத்திருந்தார்கள். சாக்கை அந்த இடத்திலேயே கவிழ்த்துக் கொட்டினேன். பெட்டியை எடுத்துச் சீலைத் தலைப்பால் துடைத்தேன். உள்ளே போக மனம் வரவில்லை. நேரே முன்னுக்குப் போனேன்.

முன்னுக்குப் பந்தல். பந்தலுக்குள் ஆம்பிளையள் வட்டம் போட்டிருந்து முன்னூற்றிநாலு அடித்துக்கொண்டிருந்தார்கள். செத்த அன்று தொடங்கின சீட்டுக் கடதாசி ஆட்டம். வெற்றிலைச் சாறும், சிரிப்பும், "தோத்தாய், எடு!" என்ற கத்தலும். உள்ளே நான் தலைவிரிகோலமாக இருக்க, அந்தச் சிரிப்பு எட்டு நாளும் யன்னலால் வந்துகொண்டிருந்தது. செத்த வீட்டுக்கு அது வழமையாம். துணையாம்.

ஒரு கதிரையை இழுத்து அவர்களுக்கு நடுவில் போட்டு இருந்தேன். பெட்டியை முடுக்கினேன். சத்தம் குறைக்கேலாத பெட்டி. அதன் பாட்டு பந்தல் முழுக்கக் கேட்டது. கடதாசி பிடித்த கைகள் அப்படியே நின்றன.

வயதான ஒருவர் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, செத்த வீட்டுத் துடக்கு இன்னும் கழியேல்லை. உது சரியில்லை."

"அண்ணை, உங்கடை கையிலை இருக்கிறது என்ன? தேவாரப் புத்தகமோ?"

நான் விளையாடத் தொடங்கினேன். அப்போதுதான் தெரிந்தது, எனக்கு விளையாடத் தெரியாது. வலப்பக்கம் மட்டும்தான் என் பக்கம். இடது பெருவிரலுக்கு ஒன்றும் பழக்கமில்லை. கட்டைகள் எல்லாம் நடுவில் வந்து விழுந்து, கோபுரம் மாதிரி எழும்பி, கண் மூடித் திறக்க ஆட்டம் முடிந்துபோனது. அத்தனை பேருக்கு முன்னால், கையில் பெட்டியோடு, என் மனுசன் செத்துப்போனது எனக்கு அப்போதுதான் முழுக்க விளங்கியது. வாய் விட்டு அழுதேன். கடதாசியை ஒவ்வொருவராகக் கீழே வைத்தார்கள்.

ஒரு சொல்

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு நினைவு மலர் அடிப்பது எங்கள் வழக்கம். போனவரின் வாழ்க்கைக் குறிப்பு, தேவாரங்கள், உறவுக்காரரின் நன்றி எல்லாம் அதில் வரும். குறிப்பை மச்சாள் எழுதினா. கனடாவிலிருந்து வந்து நின்ற சுதன், அச்சகத்திலிருந்து வந்த பிரதியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்துக் காட்டினான். பிறந்தது, படித்தது, சாரதியானது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கடைசிப் பத்திக்கு வந்தான்.

"'…இறுதி ஆண்டுகளில் நோயுற்று, உணர்வற்ற நிலையில் படுக்கையில் கழித்து, இறைவனடி சேர்ந்தார்.'"

"நிப்பாட்டு," என்றேன். "அந்தச் சொல்லை எடு."

"எந்தச் சொல்லம்மா?"

"உணர்வற்ற."

மச்சாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினா. "அதிலை என்ன பிழை? எனக்குத் தமிழ் படிப்பிக்கிறீரோ?"

"நான் தமிழைச் சொல்லேல்லை, அவரைச் சொல்லுறன். உணர்வில்லாத ஆளோ என்னோடை இருந்து விளையாடினது?"

"அம்மா, ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு…" என்று சுதன் தொடங்கினான்.

"நீ கதையாதை. நீ போனிலை முகத்தைக் காட்டி, 'அப்பா, சுகமோ?' எண்டு கேப்பாய். அவருக்கு வாய் திறக்க நேரம் எடுக்கும். 'றைற்' எண்டு சொல்லமுன்னம் நீ வைச்சிடுவாய். ஒவ்வொரு தரமும் அவர் சொன்னவர். வெறும் திரையைப் பாத்துச் சொன்னவர்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மச்சாள் அந்தப் பிரதியையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, வகுப்பில் கதைக்கிற அந்தக் குரல் இல்லாமல், வேறு ஆரோ கதைக்கிற மாதிரிக் கேட்டா.

"அவனுக்கு விளங்கினதெண்டால்… அண்டைக்கு நான் தலைமாட்டிலை நிண்டு சொன்னதும் கேட்டிருக்குமே, தவமணி?"

எந்த நாள் என்று எனக்குத் தெரியும். நல்லூர்க் கொடியேற்றத்துக்குப் போய்விட்டு வந்த நாள். தம்பியின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, உரத்துச் சொன்னா: "முருகா, உவனை இனியும் வைச்சிருக்காதை. உவன் இருந்தென்ன, இல்லாமல் என்ன. எடுத்துப்போடு."

இப்போது அவவுடைய கண் என்னைக் கெஞ்சியது. இல்லை மச்சாள், அவருக்குக் கேட்டிராது என்று சொன்னால் போதும். அந்தச் சொல்லும் மலரில் அப்படியே இருந்துவிடும். எல்லாருக்கும் சுகம்.

"கேட்டவர், மச்சாள்."

"பிறகு?"

"சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். அண்டைக்கு விளையாடேல்லை. அடுத்தநாள் தானே விளையாட்டுப் பெட்டியைத் தட்டிக் காட்டினார்."

மச்சாள் சத்தமில்லாமல் அழுதா. நான் தேற்றவில்லை. தேற்றியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். அவ அழுது முடியும்வரை பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

முடிய, சுதனிடம் பேனையைக் கேட்டு வாங்கினா. 'நோயுற்று' என்பதிலிருந்து 'கழித்து' மட்டும் நடுவால் ஒரு நேர்கோடு.

"இதிலை என்ன எழுத?"

"செய்ததை எழுதுங்கோ. விளையாடினவர்."

கொஞ்சம் யோசித்து, ரீச்சருடைய குண்டு குண்டான எழுத்தில் எழுதினா: 'நோயுற்ற காலத்திலும் துணைவியோடு கட்டை அடுக்கும் விளையாட்டில் மகிழ்ந்திருந்து'.

அந்தியேட்டியன்று கீரிமலைக் கடற்கரையில் கிரியை முடிந்து, வீட்டில் பந்தி நடந்தபோது மலரைக் கொடுத்தார்கள். இலைக்கு முன்னால் இருந்தபடி தூரத்து உறவுக்காரர் ஒருவர் அந்த வரியை உரத்து வாசித்தார். "இதென்னப்பா, விளையாட்டுச் சாமானும் மலரிலை வந்திட்டுது!" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் சாம்பார் வாளியைக் கீழே வைத்தேன். கேட்பதற்கு எனக்கு நிறைய இருந்தது. ஆனால் எனக்கு முன்னால் பாயாசத்தோடு போய்க்கொண்டிருந்த சரசு மச்சாள் நின்று திரும்பிவிட்டா.

"ஓம். என்ரை தம்பி விளையாடினவன். கடைசி மட்டும் யோசிச்சு, விளங்கி விளையாடினவன். உதிலை சிரிக்க என்ன கிடக்கு?"

மச்சாள் அந்த மனிதருடைய இலையைத் தாண்டிப் போய், அடுத்த இலைக்குப் பாயாசம் வார்த்தா.